ஆளுக்கு ஒரு கரண்டி

கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையில் ஒரு விதி. அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

ஆவணி முதல் வாரம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஓய்வறையில் காலை ஷிப்டுப் பெண்கள் இருபத்து நான்கு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் சர்க்கரை நோய். நான் எதிரே நாற்காலியில். என் பெயர் ஜெபா. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு சின்ன மூலிகை ஆய்வு மையத்தில் கள ஊழியர். சிறுகுறிஞ்சான் இலையின் சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று நாங்கள் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இலை வாங்கி, நிழலில் உலர்த்தி, சாறு இறக்கி, அதைப் பொடியாக்கி, முதலில் சோதனைக் குழாயில் பார்த்தோம். பிறகு எலிகளுக்குக் கொடுத்தோம். எலிகளுக்கு நன்றாகவே குறைந்தது. எலிகளிடம் ஒரு வசதி, அவை எதையும் கேட்பதில்லை.

அன்று நான் விளக்கியது இவ்வளவுதான். பன்னிரண்டு வாரம். தினமும் காலையில் ஒரு கேப்சூல், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கேப்சூல். பன்னிரண்டு பேருக்கு மருந்துள்ளது, பன்னிரண்டு பேருக்கு மருந்தில்லாத வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் எங்கள் மைய இயக்குநர் டாக்டர் வைகுண்டராஜின் பீரோவில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் கொடுத்த சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது, அதையும் நாள் தவறாமல் போட வேண்டும். வாரம் ஒருமுறை, புதன்கிழமை இரண்டரை மணிக்கு நான் வந்து காலி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் எண்ணி, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன்.

"சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். சோழபுரத்திலிருந்து வேலைக்கு வரும் பாண்டிசெல்வி கேட்டாள்.

"மேடம், இந்தக் கூடு எதுல செஞ்சது? பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக் இல்ல. ஜெலட்டின். மாட்டு எலும்பு, தோலு இதுல இருந்து எடுக்கிறது. வயித்துல கரைஞ்சிரும்."

அவள் தலையாட்டினாள். நான் படிவத்தில் 'கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். செடியிலிருந்து செய்யும் கூடும் சந்தையில் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். கிடைத்ததை வாங்கிவிட்டோம். நான்கே வாரத்தில் புரட்டாசி பிறக்கும் என்பது மையத்தில் இருந்த மூன்று முதுகலைப் பட்டதாரிகள், ஒரு டாக்டர், யாருக்குமே உறைக்கவில்லை. நான் கிறிஸ்தவப் பெண், அதனால் உறைக்கவில்லை என்று பிறகு ஒருவர் எனக்காகச் சமாதானம் சொன்னார். அதெல்லாம் சும்மா. புரட்டாசியில் எங்கள் தெருக் கறிக்கடைக்காரர் ஈ ஓட்டுவதை முப்பத்தொரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இருபத்து நான்கு பேரில் வேலுத்தாய் அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வயது. ஸ்பின்னிங்கில் இருபது வருட அனுபவம். ஓடிக்கொண்டிருக்கும் கதிர்களுக்கு நடுவே நடந்துபோய், அறுந்த நூலை எந்திரம் நிற்காமலே ஒட்டிவிடுகிற வேலை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெள்ளை நூல் தெரியாமல் போய், அவரைத் தரையில் பஞ்சு கூட்ட விட்டிருந்தார்கள். தீபாவளி கழிந்ததும் ஆட்குறைப்பு வரப்போகிறது, நூல் பிடிக்கத் தெரிந்தவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கண் ஆஸ்பத்திரியில், சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம் என்றார்கள். முதல் நாள் வெறும் வயிற்றில் அவருக்கு இருநூற்று அறுபத்தெட்டு.

"கொறையுமா பிள்ள?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா. அதத் தெரிஞ்சுக்கத்தான் இது."

அந்தப் பதிலும் விதிப்படியானதுதான். ஆனால் மனசுக்குள் நான் விதியை மீறிவிட்டேன். இந்த அம்மாவுக்கு மருந்துள்ள டப்பா விழுந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். ஆய்வில் இருப்பவர்கள் அப்படி வேண்டக் கூடாது.

முதல் இரண்டு வாரம் நான் எல்லோரிடமும் சிடுசிடுத்தேன். மருந்து டப்பா காலியாக வந்தது, மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருந்தது. தலை சுற்றினால் போடுவது, இல்லாவிட்டால் விடுவது என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். வேலுத்தாய் அக்காவின் அட்டையில் பதினான்குக்கு ஒன்பது மீதி. "எதுக்குக்கா நான் வெயில்ல பஸ் ஏறி வாரேன்?" என்று சத்தம் போட்டேன். அவர் அட்டையை வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

மூன்றாம் வாரத்திலிருந்து அவருக்குச் சர்க்கரை இறங்கியது. இருநூற்று முப்பது. இருநூற்றுப் பத்து. ஆறாம் வாரம் நூற்று எண்பத்தாறு. எட்டாம் வாரம் நூற்று ஐம்பத்தெட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாறு வேலை செய்கிறது, அது இவருக்கே கிடைத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கண் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் வாரப் புதன்கிழமை பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது. இரண்டு மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்த கையோடு நானும் ஓய்வறைக்குள் நுழைந்தேன். நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. பாண்டிசெல்வி அதிலிருந்து தேக்கரண்டியால் பச்சைப் பொடியை அள்ளி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் போட்டுக்கொண்டிருந்தாள், பூசாரி திருநீறு கொடுப்பதுபோல. பக்கத்தில் வேலுத்தாய் அக்கா செய்தித்தாளை விரித்துக் கேப்சூல்களைத் திருகித் திருகிச் சட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். காலிக் கூடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

"என்ன நடக்குது இங்க?"

பாண்டிசெல்வி பதறவே இல்லை. "வாங்க மேடம். இன்னைக்கு வெரசா வந்துட்டீக."

"கேப்சூல ஏன் பிரிச்சீங்க?"

"நீங்கதான சொன்னீக, எலும்புல செஞ்ச கூடுன்னு. புரட்டாசில கவிச்சி தொட மாட்டோம்ல? மருந்தையும் விட முடியாது. அதான் கூட்ட எறிஞ்சிட்டு பொடிய நாக்குல போட்டு வெந்நி குடிச்சிக்கிடுதோம்."

"சரி, பிரிச்சீங்க. எதுக்கு ஒண்ணாக் கொட்டிக் கலக்குறீங்க?"

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னாள். புரட்டாசி முதல் சனிக்கிழமை ஒருத்தி பெருமாள் மலைக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருக்கிறாள். சர்க்கரை நோயாளிகள் பொங்கல் தின்னலாமா என்று நான் இடையில் கேட்டேன். சாமி பொங்கல், ஒரு வாய்தான் என்றாள்.

"பொடி போட்ட கையோட தின்னோம் மேடம். எனக்கு மண்ணத் தின்ன மாதிரி இருக்கு. இனிப்பே தெரியல. வேலுத்தாய் அக்கா மட்டும் நல்லா இனிக்குன்னு சப்புக்கொட்டித் திங்கா. என்னடா இதுன்னு எல்லாரையும் திங்கச் சொல்லிப் பாத்தோம். பன்னெண்டு பேருக்கு இனிக்கு, பன்னெண்டு பேருக்கு இனிக்கல. நீங்க சொன்ன கணக்குத்தான."

சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்புத் தெரியாது. அதனால்தான் அதைக் கூட்டுக்குள் அடைத்தோம். மாவின் நிறத்தையும் கசப்பையும் மருந்தைப் போலவே செய்திருந்தோம், இந்த ஒன்றை மட்டும் செய்ய முடியாது. பீரோவில் ஒட்டி வைத்த உறையை ஒரு வாய்ப் பொங்கல் பிரித்துவிட்டது.

"தெரிஞ்சா என்னன்னு இருக்க வேண்டியதுதான? அவங்கவங்க டப்பாவ அவங்கவங்க சாப்பிட வேண்டியதுதான?" கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"அக்காவுக்குத்தான் கண்ணு போய்ட்டிருக்கு. அவளுக்கு வெறும் மாவு, எனக்கு மருந்து. பக்கத்துல ஒக்காந்து நான் எப்படி மேடம் முழுங்குவேன்? தொண்டையில எறங்குமா?" என்றாள் பாண்டிசெல்வி. "அதான் எல்லாத்தையும் கலந்து ஆளுக்கு ஒரு கரண்டி. யாருக்கும் கூட இல்ல, யாருக்கும் கொறச்சல் இல்ல."

என் பையில் எழுபது பக்கத்துக்கு ஆய்வுத் திட்டம் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. இருபத்து நான்கு பேரும் ஐந்து வாரமாகப் பாதி மருந்தும் பாதி மாவும் தின்றிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட இனி எதுவும் இல்லை. மூன்று வருட வேலை தூக்குச்சட்டிக்குள் போய்விட்டது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். இதுமாதிரி நடந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விதிமீறல் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுநாளே பொடியை நிறுத்தச் சொல்வார்கள். வேலுத்தாய் அக்காவுக்கு அறுவை சிகிச்சை திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கட்கிழமை, இன்னும் பன்னிரண்டு நாள். பொடி நின்று சர்க்கரை ஏறிவிட்டால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான். அப்போது கண் தெரிந்து என்ன பிரயோஜனம்?

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய், வழக்கம்போல எல்லோருக்கும் விரலில் குத்தி, எண்களை எழுதி, டப்பாக்களை எண்ணினேன். வேலுத்தாய் அக்காவுக்கு நூற்று நாற்பத்தொன்பது. "நான் இன்னைக்கு ஒண்ணும் பாக்கல" என்று பாண்டிசெல்வியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு நாளும் மையத்தில் நான் வைகுண்டராஜ் சார் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடைக்கால அட்டவணையை வைத்துக்கொண்டு, "எல்லாருக்குமே கொறையுதே ஜெபா, ஆச்சரியமா இருக்கு" என்றார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். நடுவில் வந்த புதன்கிழமையும் போனேன், எண்ணினேன், குத்தினேன், எழுதினேன். ஒவ்வொரு எண்ணும் பொய் என்று தெரிந்தே எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகாக வந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் வேலுத்தாய் அக்காவுக்குச் சர்க்கரை நூற்று முப்பத்தொன்பது. வலது கண்ணில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வா பிள்ள. உம் மொகம் நல்லாத் தெரியுது. நான் நெனச்சதவிட சின்னப் பிள்ளையா இருக்க."

வந்த விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, கலந்து சாப்பிட்டது எல்லாத்தையும் இன்னைக்கு எங்க சார்ட்ட சொல்லப் போறேன். இனிமே பொடி கிடையாது. உங்களுக்காகத்தான் இத்தன நாள் சொல்லாம இருந்தேன். பொடி நின்னா உங்களுக்கு சுகர் ஏறலாம், சாக்கிரதையா இருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றப் போய், டாக்டர் சொன்னது நினைவு வந்து கையை இறக்கினார்.

"நான் பொடியே திங்கலியே பிள்ள."

"என்னக்கா?"

"கலக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு கிள்ளுகூட வாயில வைக்கல. சட்டிய மூடி எடுத்து வைக்கிறது நான்தான. எம் பங்கத் தாள்ல வாங்கி, அவுக சாப்பிடப் போன பொறவு மறுநாளுக்குன்னு சட்டியிலயே தட்டிருவேன்."

"ஏன்?"

"அவுகளுக்கு முழுசாக் கிடைச்ச மருந்து. எனக்காகப் பாதியாக்கிட்டாளுவ. பாண்டிசெல்விக்கு ரெண்டும் சின்னப் பிள்ளைக. கருத்தம்மாவுக்குக் கால் புண்ணு ஆற மாட்டேங்கு. நான் போயி அதுல பங்கு கேக்கவா? வேண்டாம்னு நேராச் சொன்னா அவ கோவிச்சுக்கிடுவா. அதான் திங்கிற மாதிரி இருந்துக்கிட்டேன்."

ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை என் நோட்டில் இருந்த அவருடைய எண்கள் எல்லாம் கண் முன் வந்தன. அதற்கு முந்தைய நான்கு வாரமும் வெறும் மாவு. சிறுகுறிஞ்சான் அவர் உடம்புக்குள் போகவே இல்லை.

"அப்ப சுகர் எப்படிக்கா கொறைஞ்சது?"

"நீதான புதன்கெழம புதன்கெழம மாத்திர அட்டைய எண்ணுவ? ஒண்ணு மிஞ்சினாலும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிடுவ. வெயில்ல வார பிள்ள, எதுக்கு வருத்தப்பட வைக்கணும்னு ஒண்ணு விடாமப் போட்டுட்டேன். அம்புட்டுத்தான்."

நான் அங்கேயே அழுதேன். அவர், "ஏட்டி, கண்ணு தெரிஞ்ச மொத நாளு அழுத மொகத்தையா காட்டுவ?" என்று அதட்டினார். எதற்கு அழுதேன் என்று அவருக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு நாள் நான் சொன்ன பொய்க்கு எந்த அவசியமும் இருக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வைகுண்டராஜ் சார் முன்னால் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். படிவத்தில் 'தெரியவந்த நாள்', 'தெரிவித்த நாள்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் அன்றைய தேதியைப் போட்டால் என் வேலை தப்பிக்கும். பஸ்ஸில் வரும்போது அப்படிப் போடுவதாகத்தான் இருந்தேன். பேனாவை எடுத்ததும் உண்மையான தேதியே வந்தது. இனி ஒரு பொய்யைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான் காரணம்.

அவர் படித்தார். விரலை மடக்கிப் பதின்மூன்று நாள் என்று எண்ணினார். ஏன் என்று கேட்டார். கண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு அந்தக் கண்ணுக்குப் பொடியே போகவில்லை என்பதையும் சொன்னேன். அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, "மாத்திரையை ஒழுங்காப் போட்டா சர்க்கரை கொறையும். இதக் கண்டுபிடிக்க நமக்கு மூணு வருஷம் ஆயிருக்கு" என்றார். சிரிப்பதுபோல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

நெறிமுறைக் குழு ஆய்வை நிறுத்தியது. சாறு வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பை மூடினார்கள். எனக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மதுரை ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். புதன்கிழமைகளில் இரண்டரை மணிக்குப் பதினொன்றாம் வகுப்பு. அது ஒரு விடுதலையாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் பாண்டிசெல்வியைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே, "மேடம்" என்று கூப்பிட்டு ஓடிவந்தாள். வேலுத்தாய் அக்கா பழைய எந்திரத்துக்கே போய்விட்டார், நூலைப் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறார் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இன்னொரு கண்ணு?"

"தையில வரச் சொன்னாக. போனா, சுகரு இருநூத்தி எழுவதுன்னு திருப்பி அனுப்பிட்டாக. ஆபரேசன் செஞ்ச கண்ணும் லேசா மங்குதுன்னு சொல்லுதா, நரம்புல ரத்தம் கசியுதாம்."

"மாத்திரை போடலியா அவங்க?"

"எப்பயாச்சும் போடுவா. எங்க எல்லாருக்குமே அப்படித்தான மேடம். எண்ணிப் பாக்க ஆளில்லன்னா யாரு நாளு தவறாமப் போடுவா?"

குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. மழை இல்லை, அதனால் விளைச்சல் இல்லை என்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் எங்கோ சுருக்கென்றது. மூன்று வருட வேலை போனதே என்று வருத்தப்பட்டோம், பட்டியல் கெட்டதற்கு வருத்தப்பட்டோம். இருபத்து நான்கு பேருக்கும் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்த ஒரு வைத்தியம் அன்றைக்கே நின்றுபோனது, அதை நான்தான் பையை எடுத்துக்கொண்டு நிறுத்தினேன் என்பது இத்தனை மாதமாக ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

சோழபுரம் டவுன் பஸ் வந்துவிட்டது. பாண்டிசெல்வி படியில் கால் வைத்தாள்.

"பாண்டிசெல்வி, இப்பவும் ரெண்டு மணிக்குத்தான் விடுறாங்களா?"

"ஆமா மேடம். என்னத்துக்குக் கேக்கீக?"

"சனிக்கிழமைக்கு எல்லாரையும் அட்டைய எடுத்து வைக்கச் சொல்லு" என்றேன்.